அப்பாவின் காதுமூடியும் பத்து “சரிங்க”வும்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து சாரல். சாக்ஸ் காயவில்லை. அறிவியல் கண்காட்சிக்குத் தலைப்பு: அப்பாவின் காது.
அப்பாவுக்கு இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கிரைண்டிங் வேலை. ஹெல்மெட், அதோடு காதுமூடி (இனி கா.மூ.), தூசிக்கு மாஸ்க். எல்லாம் போட்டும் வீடு வந்தால் காதுக்குள் “கொய்ங்” என்கிறதாம். டி.வி. சத்தம் அடுத்த தெரு வரை.
அம்மா: “இப்படியே போனா உங்கப்பாருகிட்டப் பேசறதுக்கு லெட்டர்தான் போடோணும்.”
சிரித்தேன். பிறகு பயம்.

ஜூலை 8
கண்டுபிடித்துவிட்டேன்! மாஸ்க்கின் வார் காதைச் சுற்றிப் போகிறது. அதன்மேல் கா.மூ. சரியாக உட்காரவில்லை. என் ஸ்கேல் முனையே உள்ளே போகிறது. சத்தம் போகாதா?
அப்பா: “எல்லாம் நல்லாத்தான் கேக்குது, கண்ணு.”

ஜூலை 10
சோதனை. பின்னணி இரைச்சல்: மிக்ஸி (தேங்காய்ச் சட்னி). நான் மாஸ்க்கில், அப்பா முழு உடுப்பில். பத்து வாக்கியங்கள். பத்துக்கும் “சரிங்க அம்மணி.” மதிப்பெண் 10/10. சந்தேகம்.
பதினொன்றாவது: “அப்பா, உங்க வண்டிய வித்துப்போட்டேன்!”
“ரொம்ப சந்தோசமுங்க!”
அம்மா சிரித்த சிரிப்பில் சட்னி அரைகுறை.
எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிரேன் வருது, தள்ளுங்க என்று யாராவது கத்தினாலும் “சரிங்க” என்று அங்கேயே நிற்பாரா? கேட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றினார்.
“மேஸ்திரி அவ்வளவு கத்திச் சொல்றாரு. மறுக்கா கேட்டா மரியாதையா இருக்குமா, கண்ணு?”

ஜூலை 11
செய்தவை:
1. தலைக்குப் பின்னால் மாட்டும் மாஸ்க். பவுண்டரி ஸ்டோரிலேயே இருக்கிறதாம், அப்பா ஒன்று கொண்டுவந்தார்! ஹெல்மெட்டைக் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு யாரும் எடுப்பதில்லையாம். வார் காதைத் தொடவில்லை. ஸ்கேல் நுழையவில்லை.
2. சொன்னது காதில் விழாவிட்டால் தன் ஹெல்மெட்டில் இரண்டு தட்டு: “மறுக்கா சொல்லுங்க” என்று அர்த்தம். வாய் திறக்க வேண்டாம். மரியாதைக்கும் குறைவில்லை.
அப்பா கண்ணாடி முன் தட்டிப் பார்த்தார். வெட்கம்.

ஜூலை 14, திங்கள்
மழை இல்லை. அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே செய்தி சொன்னார். முறையைச் சொன்னதும் முதலில் தட்டியது மேஸ்திரிதானாம்! “நாலு வருசமா நீங்க சொன்னதுல பாதி எனக்குக் கேக்கலைங்க” என்று அப்பாவிடமே சொன்னாராம். இப்போது செக்‌ஷன் முழுக்கத் தட்டல். “கொய்ங்” குறைந்திருக்கிறதாம். டி.வி. சத்தம் நம் வீட்டுக்கு மட்டும்.
அடுப்படியிலிருந்து அம்மா: “ஏனுங்க, கடைக்குப் போயி கறிவேப்பிலை வாங்கியாங்க!”
மிக்ஸி ஓடவில்லை. மாஸ்க் இல்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாக, வெறுந்தலையில் இரண்டு தட்டு.