கூடப்பிறந்தவன்

மதுரை, 1941

அன்புள்ள அத்தானுக்கு,

டில்லி பெடரல் கோர்ட்டில் உங்களை நீதிபதியாக நியமிக்குமுன் விசாரிக்க, நேற்று போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்தார்.

"உங்க சொந்தத்துல காங்கிரஸ்காரங்க யாரும் இருக்காங்களாம்மா?" என்றார்.

இல்லையென்று சொல்லச் சொல்லியிருந்தீர்கள்.

"கிருபாகரன் என் கூடப்பிறந்த தம்பி. யுத்தம் வேணாம்னு பேசி ஜெயில்ல கெடக்கான்" என்றேன்.

அவர் முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். சர்க்காருக்குப் பிடிக்காத மைத்துனனை மறைத்தால்தான் அந்த நாற்காலி கிடைக்குமென்றால், அதில் உட்கார்ந்து யாருக்கு நியாயம் சொல்வீர்கள்? நினைக்கவே எனக்குக் கொதிக்கிறது.

இன்று ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன்.

"மச்சானுக்கு அந்தப் பதவி கெடைக்கணும்னு தெனமும் ஜெபம் பண்றேன்க்கா" என்றான்.

அதிகாரியிடம் நான் சொன்னதை அவனிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். நீங்களே அவனுக்குப் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி