சுழன்று வந்த மேகம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலியோடு படகில் ஏறவில்லையே? நான் கான்சஸில் சுகமே.

நேற்றுப் பொழுது சாயும்போது புயலைத் துரத்திப் போனோம். பயப்படாதீர்கள், தள்ளித்தான் நின்றோம். இடிமேகம் முழுதாகச் சுழன்றது. அதன் அடிவயிறு கோதுமை வயல் பக்கம் இறங்குவதை நான்தான் முதலில் கண்டேன்.

வண்டியோட்டிய லொரெட்டா, "மசங்கல் இருட்டுல உனக்கு எல்லாமே சூறாவளிதான்டி!" என்று சிரித்தாள்.

"சுத்துது பாருக்கா, ஊரைப் பாத்து வருது!" என்று கத்திக்கொண்டே வயர்லெஸ்ஸில் எச்சரித்தேன். உடனே ஊரின் அபாயச் சங்கு ஊதியது. பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்த ஊரே நிலவறைகளுக்கு ஓடியது. பள்ளிக்கூடக் கூரை பறந்துவிட்டது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை! உங்கள் மகள் ஓர் ஊரையே காப்பாற்றிவிட்டாள், அப்பா.

அம்மா செய்யும் புளுபெர்ரி ஜாம் அனுப்புங்கள். இங்கே கடையில் கிடைக்கிறது, ஆனாலும் அனுப்புங்கள்.

லொரெட்டா ஹாரன் அடிக்கிறாள், மேற்கே மறுபடி கறுக்கிறது. ஓடுகிறேன்.

உங்கள்,
வில்லா