பேட்டரி போட்ட பொம்மை

அன்புத் தம்பிக்கு,

பேஸ் கிட்டார் என்றால் பழைய நாலு தந்திதான். அதில் நான் இப்போதும் மாறவில்லை. குழுவில் என் இடத்தை உனக்குக் கொடுத்தவர்கள் மேல் உள்ள வருத்தமும் அப்படியேதான் இருக்கிறது.

சனிக்கிழமை பாட்டின் நடுவே உன் ஐந்து தந்திப் புதுசு ஊமையானதும், "பேட்டரி போட்ட பொம்மைய நம்பினா இப்படித்தான்" என்று மேடை ஓரத்திலிருந்து கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். "இனிமே நீயே வாசிச்சுக்கோண்ணே" என்று இறங்கிப் போனாய்.

நீ வெளியூரில் இருந்த மாதம் முழுக்க, உன் அறைக்குப் போய் அந்த கிட்டாரைத் தினமும் வாசித்தேன். ஒயரை ஒருநாளும் பிடுங்கியதில்லை. என் கிட்டாரில் பேட்டரியே கிடையாது. ஒயர் செருகியே கிடந்தால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று தானாகக் கற்றவனுக்கு யார் சொல்லித்தருவார்கள்? நீ திரும்பிய சனிக்கிழமை காலையில், தொட்ட தடம் தெரியாமல் உறையில் வைத்துவிட்டேன். நேற்று டிரம்ஸ்காரர் இதைப் பேச்சுவாக்கில் சொன்னபோதுதான் புரிந்தது.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கு வா. எல்லோர் முன்னாலும் நானே சொல்கிறேன். தினமும் ஏன் எடுத்தாய் என்று மட்டும் அங்கே கேட்டுவிடாதே.

நன்றாக இருந்தது.

உன் அண்ணன்