தீர்த்தத்தில் உப்பு

ஜூலை 16, செவ்வாய்

நாளைக்கு இவருக்கு ஒப்பரேஷன். இவருடைய தங்கை ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுவந்தாள். "கோவில் தீர்த்தம், மச்சாள். அண்ணாவுக்கு நெத்தியில பூசிவிடுங்கோ."

செவ்வாய் நவநாள் பூசைக் கூட்டத்தில் அவளாவது, வரிசையில் நிற்பதாவது! வீட்டுத் தண்ணீரையே நிரப்பியிருப்பாள். எங்கள் தேவாலயத்துப் பாதர் உப்புப் போட்டுத்தான் தண்ணீரை ஆசீர்வதிப்பார். அதனால் அவள் போனதும் பாதிப் போத்தலைச் சட்டியில் ஊற்றி, வற்றும்வரை காய்ச்சினேன். அடியில் வெள்ளையாகப் படிந்ததை விரலால் தொட்டு நக்கினேன். கரித்தது.

அப்போதும் மனம் ஆறவில்லை. வெள்ளவத்தையில் அவள் வீட்டுக் கிணறு கடலோரம். அந்தத் தண்ணீரும் உப்புத்தானே?

பின்னேரம் இவர் கேட்டார்: "ஏனப்பா, போத்தல்ல பாதிதான் கிடக்கு?"

"உங்கட தங்கச்சி அவ்வளவுதான் தந்தவ" என்றேன்.

நக்கிய அதே விரலை மீதித் தண்ணீரில் தோய்த்து இவர் நெற்றியில் சிலுவை போட்டேன்.