பழுதோடு வந்த காது

மார்ச் 3

கடைப் பெண் புதுச் செவிக்கருவி ஒன்றைக் காட்டினாள். இரைச்சலை நீக்கிப் பேச்சை மட்டும் கொடுக்குமாம். போன மாதம்தான் வந்ததாம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுந்துவிட்டேன். மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. முதல் பதிப்பை எந்த லட்சணத்தில் வெளியே அனுப்புவார்கள் என்று எனக்குத் தெரியாதா? அவசரக்காரர்கள் முதலில் அவதிப்படட்டும்.

மார்ச் 11

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்தால் பிழைத்துக்கொள்வார், குரல்தான் போய்விடும். ஏப்ரல் கடைசியில் ஆபரேஷன். அண்ணி வாயால் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. பாவம், போனில் தட்டிக் காட்டினார்.

மார்ச் 12

அண்ணன் பேசினார். கரகரவென்று ஏதோ வந்தது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. சும்மா தலையாட்டினேன். கண்டுபிடித்துவிட்டார். காதருகே வந்து, அந்த வலியிலும் கத்தினார்: "அடுத்த வருஷம் வாங்குறியாமே? அப்ப யார் பேசுறதக் கேப்பே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்குத்தான்... என்ன மனுஷி நான்?

மார்ச் 13

வாங்கிவிட்டேன்.

மார்ச் 19

சனியன்! ஸ்பூன் விழுந்தால் இடி. தலையைத் திருப்பினால் விசில். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அண்ணன் வாயைத் திறந்தால் மட்டும் ஒன்றுமே இல்லை. அண்ணி பேசுவது கேட்கிறது, ஜன்னலுக்கு வெளியே போகிறவன் பேசுவதுகூடக் கேட்கிறது. இவர் குரலின் கரகரப்பை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டித் தள்ளுகிறது இந்தக் கருவி. எதற்காக வாங்கினேனோ அது மட்டும் இல்லையா?

மார்ச் 22

கம்பெனிக்காரர்கள் போனில் மழுப்பினார்கள். கடைப் பெண் மழுப்பவில்லை. "நாம சொன்னா நம்ப மாட்டாங்க மேடம். அவர் பேசுறதையே பதிவு பண்ணி அனுப்பிடுவோம்" என்று விடுமுறை நாளில் அண்ணன் வீடு தேடி வந்தாள். என்ன பேசுவது என்று கேட்ட அண்ணன், நான் சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாயிடம் வாங்கிய கடியைப் பற்றி நீட்டி முழக்கினாராம். அவள் சிரித்த சிரிப்பு மட்டும் எனக்குக் கேட்டது. நன்றாக இருக்கட்டும் அந்தப் பெண்.

ஏப்ரல் 8

காலையில் கம்பெனியிலிருந்து மென்பொருள் திருத்தம் வந்து கருவியில் ஏறியது. மதியம் அண்ணன் வீட்டில் நான் காப்பி போட்டேன். முதுகுக்குப் பின்னால் அண்ணியிடம் ஒரு குரல், கரகரவென்று, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக: "வாயில வைக்க முடியல. மெதுவா கீழ ஊத்திடு, அவளுக்குக் கேக்காது."

கேட்டது! அங்கேயே நின்று அழுதுவிட்டேன். விஷயம் புரியாமல், அண்ணன் பயந்துபோய் அந்தக் காப்பியை ஒரே மூச்சில் குடித்துவிட்டார்.

ஏப்ரல் 24

நாளைக்கு ஆபரேஷன். இன்று முழுக்கப் பேசினார். அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. காதில் இருக்கிறது.

ஜூலை 2

அண்ணன் தேறிவிட்டார். இப்போது தொண்டையில் வைத்துப் பேசும் கருவி வந்திருக்கிறது, அதுவும் புத்தம்புதுசு. பொறுத்திருந்து வாங்கலாமா என்று டாக்டர் கேட்டதற்கு அண்ணனும் தலையாட்டவில்லை, நானும் ஆட்டவில்லை.

வாங்கிய கையோடு அதில் முதன்முதலாக என்னைத்தான் கூப்பிட்டார், சின்ன வயதிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, "வாலு" என்று. வண்டு ரீங்காரம் போல "பாலு" என்று வந்தது. அண்ணி எழுந்து போய் ஒரு டம்ளர் பால் கொண்டுவந்தார். அண்ணனின் சிரிப்புக்குச் சத்தம் இல்லை, தோள்தான் குலுங்கியது. அண்ணியும் நானும் அவருக்கும் சேர்த்துச் சத்தமாகச் சிரித்தோம்.

நாளைக் காலை அந்தக் கருவியின் கம்பெனிக்குப் போன் போட வேண்டும். இந்தத் தடவை மழுப்ப விடமாட்டேன்.