முதலில் செய்ய வேண்டியது

அன்பு அக்கா,

திட்ட மேலாண்மைத் தேர்வுக்குப் படிக்கிறேன். மதியம் புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்தபடி கண்ணயர்ந்தால் கனவிலும் மாதிரிக் கேள்விதான்: "குழுவில் இருவர் பேசிக்கொள்வதில்லை. மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?" திரைச்சீலை மெல்ல உப்பித் தணிகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் நீ உட்கார்ந்து நகம் கடிக்கிறாய்.

"பொறுத்திருந்து பார்க்கலாம்" என்பதையே ஒவ்வொரு முறையும் குறிக்கிறேன். ஒவ்வொரு முறையும் தப்பு.

விடைத்தாளைப் பார்த்து இவர் சிரிக்கிறார். "இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் ஒரே விடைதான், நேர்ல போய்ப் பேசணும். இதுகூடவா மண்டையில ஏறல?"

ஏறிவிட்டது, அக்கா. திங்கட்கிழமை தேர்வு. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். அம்மாவின் வளையலைப் பற்றி வாயே திறக்கமாட்டேன்.

கதவை மட்டும் நீயே வந்து திற.

உன்,
வாலு