ஸ்பின்ஸ்டர் என்றொரு பேர்

பதுளை, ஆவணி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் பரிமளம் விழுந்து கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு?

போன வாரம் ஹாலிஎல தோட்டத்துப் பூவம்மாவின் கல்யாணப் பதிவுக்குச் சாட்சியாகப் போனேன். "புருசன் பேரு?" என்று கிளார்க் கேட்டார். "கல்யாணம் ஆகலைங்க" என்றேன். "அப்ப ஸ்பின்ஸ்டர். கரையேறாதவ" என்று சொல்லிச் சிரித்தார்.

கூட வந்திருந்த எங்க தையல் பள்ளிக்கூடத்து மிஸ்ஸிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆதியில அது தொழில் பேரு. நூல் நூற்றுப் பிழைக்கிற பொம்பளைக்குச் சொன்னது. எனக்கும் கல்யாணம் ஆகலை, எனக்கும் அதே பேருதான்" என்றார்.

எனக்கு உங்க ராட்டினம் கண்ணில் நின்றது. அப்பா போன பிறகு நூல் நூற்றுத்தானே என்னை வளர்த்தீங்க. "ஐயா, அந்தப் பேரைப் பெருசா எழுதுங்க" என்றேன். எழுதினார்.

இங்கே குளிர் அதிகம். நீங்க நூற்ற நூலில் ஒரு சிட்டம் அனுப்புங்க. தைப்பதற்கு இல்லை, சும்மா பக்கத்தில் வைத்துக்கொள்ள.

தபால் வண்டி கிளம்பப் போகுது. மாமா பார்த்திருக்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம். தையல் சொல்லிக்கொடுத்து என் சோற்றை நானே சம்பாதிக்கிறேன். இந்தக் கடிதத்தை உங்களுக்குப் படித்துச் சொல்வது மாமாதானே? இந்த வரியையும் அவர் சத்தமாகவே படிக்கட்டும்.

பரிமளம்